பங்குக் கிணறு

சமையலறை மேசையில் நான்கு வேதாகமங்களை விரித்து வைத்திருக்கிறேன். இரண்டு தமிழ், இரண்டு டேனிஷ். நான்கிலும் ஒரே இடம்: ஏசாயா 7ஆம் அதிகாரம், 14ஆம் வசனம். ஆகாஸ் அரசனுக்கு ஏசாயா ஓர் அடையாளம் சொல்கிறார். ஒரு பெண் மகனைப் பெறுவாள், அவனுக்கு இம்மானுவேல் என்று பெயர் வைப்பாள். அந்தப் பெண் யார் என்பதில்தான் நான்கு புத்தகங்களும் இரண்டு கட்சியாகப் பிரிகின்றன. ஹென்றி பவர் தலைமையில் 1871இல் முடிந்த பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அவளைக் கன்னிகை என்கிறது. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் இளம்பெண் என்கிறது. 1931ஆம் ஆண்டு டேனிஷில் அவள் கன்னி, 1992இல் இளம்பெண்.

இப்போது நான்கிலும் மத்தேயு முதல் அதிகாரத்துக்குப் புரட்டுகிறேன். ஏசாயாவின் அதே சொல்லை எடுத்துக்காட்டி, இயேசுவின் பிறப்பில் இது நிறைவேறியது என்கிறார் மத்தேயு. இங்கே நான்கிலும் கன்னிதான். ஆக 1995இன் தமிழிலும் 1992இன் டேனிஷிலும் மேற்கோள் ஒன்று சொல்கிறது, மூலம் வேறொன்று சொல்கிறது. அச்சுப் பிழையில்லை. புதிய மொழிபெயர்ப்பாளர்கள் எபிரேயத்தை எபிரேயமாகவும் கிரேக்கத்தைக் கிரேக்கமாகவும் பெயர்த்திருக்கிறார்கள். பழையவர்கள் இரண்டையும் ஒட்டுப் போட்டு வழுவழுப்பாக்கியிருந்தார்கள்.

எபிரேயத்தில் இருக்கும் சொல் ‘அல்மா’. மணவயது எட்டிய பெண் என்பதற்கு மேல் அது எதையும் உறுதியாகச் சொல்வதில்லை. கிறிஸ்துவுக்கு முன் 3ஆம் நூற்றாண்டு தொடங்கி எகிப்தின் அலெக்சாந்திரியாவில் யூதர்களே தங்கள் வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தார்கள். ‘எழுபதின்மர் மொழிபெயர்ப்பு’ என்று பெயர் பெற்ற நூல்தொகுதி அது. அதில் ஏசாயாவைப் பெயர்த்தவர் அல்மாவுக்கு ‘பார்த்தெனோஸ்’, கன்னி, என்று போட்டார். மத்தேயுவின் கையில் இருந்தது இந்தக் கிரேக்க வேதம். ஏசாயா பேசியதோ கி.மு. 734ஐ ஒட்டிய ஒரு போர் நெருக்கடியில். இரண்டு அரசர்கள் சேர்ந்து எருசலேமை நெருக்குகிறார்கள். இந்தக் குழந்தைக்கு நல்லது கெட்டது தெரியும் வயது வருமுன் அந்த இருவரின் நாடும் பாழாகும் என்பதே அடையாளத்தின் பொருள். ஆகாசுக்கு வேண்டியது அடுத்த சில ஆண்டுகளுக்கான ஆறுதல். எழுநூறு சொச்சம் ஆண்டுகள் கழித்துப் பெத்லகேமில் பிறக்கும் குழந்தையால் அவனுக்கு என்ன பயன்?

அப்படியானால் மத்தேயு மூலத்தைத் திரித்தாரா? இந்தக் கேள்வியை இப்படிக் கேட்பதே பிழை என்பது என் எண்ணம். ஏன் என்று சொல்ல ஒரு கிணற்றுக்குப் போக வேண்டும்.

நான் குடியிருக்கும் புரொண்பி கோபன்ஹேகனுக்கு மேற்கே ஒட்டிக்கிடக்கும் புறநகர். டேனிஷில் ‘புரொண்’ என்றால் கிணறு, ‘பி’ என்றால் ஊர். கிணற்றூர். கிழக்குப் புரொண்பியிலும் மேற்குப் புரொண்பியிலும் இடைக்காலத்துத் தேவாலயங்கள் இன்னும் நிற்கின்றன. கடற்கரைப் பக்கத்து அடுக்குமாடிகளுக்கு நடுவே இருக்கும் பண்பாட்டு இல்லத்துக்கும் கிணறு என்றே பெயர். வெளியூர்க்காரருக்கு இந்த ஊர் உதைபந்தாட்டக் கழகம்தான். யாழ்ப்பாணத்துக்காரனான எனக்கோ பெயரைக் கேட்டதும் வேறு ஞாபகம்.

எங்கள் பக்கத்தில் கிணறு பெரும்பாலும் பங்குக் கிணறு. பாட்டன் வெட்டியிருப்பார், பேரப்பிள்ளைகள் காலத்தில் நாலு வீட்டுக்குப் பங்கு வந்திருக்கும். காணி உறுதியில் கிணற்றுப் பங்கும் வழி வாய்க்காலும் தனியாக எழுதப்பட்டிருக்கும். கோடையில் ஒரு நாள் பங்குக்காரர் சேர்ந்து கிணற்றை இறைத்து வற்ற வைப்பார்கள். ஒருவர் கயிற்றைப் பிடித்து இறங்கிச் சேறு அள்ளுவார். உடைந்த வாளி, அறுந்த கயிறு, எப்போதோ விழுந்த செம்பு எல்லாம் மேலே வரும். அடுத்த நாள் காலையில் ஊறியிருக்கும் தண்ணீருக்கு ஒரு புது ருசி. கிணறு மட்டும் பழையது. சண்டை வருவதும் அங்கேதான்: யார் எப்போது இறைப்பது, யாருக்கு எத்தனை பங்கு.

ஆதியாகமம் 26ஆம் அதிகாரம் ஒரு பங்குக் கிணற்றுச் சண்டை. ஆபிரகாம் வெட்டிய கிணறுகளைப் பெலிஸ்தர் மண் போட்டுத் தூர்த்துவிட்டார்கள். மகன் ஈசாக்கு வந்து அவற்றைத் திரும்பத் தோண்டுகிறான். தகப்பன் இட்ட பெயர்களையே மறுபடி இடுகிறான். பிறகு தானாகவும் வெட்டுகிறான். மேய்ப்பர்கள் தண்ணீர் எங்களது என்று வாதாடுகிறார்கள். ஒரு கிணற்றுக்குச் சண்டை என்று பெயர், அடுத்ததற்குப் பகை என்று பெயர். மூன்றாவதில்தான் சண்டையில்லை, அதற்குப் பெயர் ‘ரெகொபோத்’, விசாலம்.

கி.பி. 3ஆம் நூற்றாண்டில் செசரியாவில் பிரசங்கம் செய்த ஒரிகன் இந்த அத்தியாயத்தை எடுத்து ஒரு காரியம் செய்தார். கிணறு என்பது வேதம். ஆபிரகாம் வெட்டியது யூத வேதம். அதை வெறும் எழுத்தாக, மண்ணாக வாசிப்பவர்கள் தூர்க்கும் பெலிஸ்தர். திரும்பத் தோண்டும் ஈசாக்கு கிறிஸ்து. அழகான வாசிப்பு, மறுக்க முடியாது. ஆனால் கிணற்றடியில் நிற்கும் இன்னொரு பங்குக்காரனை, அதாவது யூதனை, ஒரிகன் எந்தப் பக்கத்தில் நிறுத்துகிறார் என்று பாருங்கள். இத்தனைக்கும் அவர் யூத ஆசிரியர்களிடம் கேட்டுக் கற்றவர்.

திரும்பத் தோண்டும் பழக்கத்தைக் கிறிஸ்தவர் கண்டுபிடிக்கவில்லை. யூத வேதத்துக்குள்ளேயே அது நடந்துகொண்டிருக்கிறது. யாத்திராகமத்தில் ஓய்வுநாளுக்குக் காரணம், கடவுள் ஆறு நாளில் உலகைப் படைத்து ஏழாம் நாள் ஓய்ந்தது. உபாகமத்தில் அதே கட்டளைக்குக் காரணம் வேறு: எகிப்தில் நீ அடிமையாயிருந்தாய், உன் வேலைக்காரனும் இளைப்பாறட்டும். தாவீது குடிக்கணக்கு எடுத்த பாவத்துக்கு அவனைத் தூண்டியது கடவுளின் கோபம் என்கிறது இரண்டாம் சாமுவேல். அதைப் பார்த்துத் திரும்ப எழுதிய நாளாகமத்தின் ஆசிரியருக்கு அது உறுத்தியிருக்க வேண்டும். அவர் கதையில் தூண்டியவன் சாத்தான். 1947இல் சாக்கடல் குகைகளில் கிடைத்த சுருள்களில் ஆபகூக் தீர்க்கதரிசிக்கு ஓர் உரை இருக்கிறது. ஆபகூக் கல்தேயரைப் பற்றி எழுதியதை உரையாசிரியர் ரோமரைப் பற்றியது என்கிறார். அதோடு விடவில்லை. தான் எழுதியது எந்தக் காலத்துக்கு என்பது ஆபகூக்குக்கே தெரியாது, எங்கள் குருவுக்குத்தான் வெளிப்பட்டது என்று துணிந்து சொல்கிறார். மத்தேயு செய்ததும் இதைத்தான். அவர் ஓசியாவின் ஒரு வரியை எடுத்து, எகிப்திலிருந்து அழைக்கப்பட்ட மகன் என்று இஸ்ரவேல் மக்களைக் குறித்து இருந்ததை, குழந்தை இயேசுவுக்குப் பொருத்தும்போது, தன் காலத்து யூதப் புலவர் எவரும் செய்திருக்கக்கூடிய வேலையைத்தான் செய்கிறார்.

இந்த வகை எழுத்துக்கு ‘திரும்ப எழுதிய விவிலியம்’ என்று பெயர் வைத்தவர் கேசா வெர்மெஷ், 1961இல். அதைச் சுவிசேஷங்கள் வரை இழுத்துக்கொண்டு வந்ததில் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்துக்குப் பெரிய பங்கு. அங்கே புதிய ஏற்பாட்டுப் பேராசிரியராயிருந்த மோகென்ஸ் மியூலர், திருச்சபையின் முதல் விவிலியம் எபிரேயமன்று, எழுபதின்மரின் கிரேக்கமே என்று 1996இல் ஒரு நூல் எழுதி வாதிட்டார். மத்தேயு மாற்குவைத் திரும்ப எழுதினார், லூக்கா அந்த இருவரையும் திரும்ப எழுதினார் என்பது அவர் கட்சி. அதே பல்கலைக்கழகத்தில் தாமஸ் தாம்சன் இன்னும் ஒரு படி போய், தாவீதும் இயேசுவும் பண்டைய மேற்காசியாவின் அரசக் கதைகளிலிருந்து வார்க்கப்பட்ட உருவங்கள் என்றார். அவ்வளவு தூரம் என்னால் போக முடியவில்லை. கதை பழைய அச்சில் வார்க்கப்பட்டதாலேயே ஆள் இல்லை என்று ஆகிவிடாது. நம்மூர்ப் பெரியவர் இறந்தால் ‘கல்வெட்டு’ என்ற நினைவு நூலில் எழுதும் வாழ்க்கைக் குறிப்பும் பழைய அச்சுத்தான்.

தமிழனுக்கு இதில் திகைக்க என்ன இருக்கிறது? தொல்காப்பிய மரபியலிலேயே முதல்நூல், வழிநூல் என்ற பிரிப்பு உண்டு. தொகுத்தல், விரித்தல், இரண்டும் கலந்தது, மொழிபெயர்த்தல் என்று வழிநூலுக்கு நான்கு வகையும் சொல்லப்பட்டிருக்கிறது. முன்னோன் முடிபோடு ஒத்துப் போக வேண்டும், பின்னோன் வேண்டும் வேறுபாட்டையும் சொல்லலாம் என்பது நன்னூலார் தரும் விதி. கம்பன் வால்மீகியைத் திரித்தானா என்று நம்மில் யாரும் வழக்குப் போடுவதில்லை.

வழிநூல்காரன் சில இடங்களில் சறுக்குவதும் உண்டு. சகரியா தீர்க்கதரிசி, அரசன் கழுதைமேல், கழுதைக்குட்டிமேல் ஏறி வருவான் என்கிறார். ஒன்றையே இரண்டு விதமாகச் சொல்லும் எபிரேயக் கவிதை நடை. நாம் ஒருபொருட்பன்மொழி என்போமே, அதற்கு உறவு. மாற்குவில் இயேசு ஒரு குட்டியின் மேல் வருகிறார். மத்தேயுவிலோ சீடர்கள் கழுதையையும் குட்டியையும் ஓட்டி வருகிறார்கள், இரண்டின் மேலும் வஸ்திரம் போடுகிறார்கள், அவர் ‘அவற்றின்மேல்’ உட்காருகிறார். எப்படி உட்கார்ந்தார் என்று கேட்டுச் சிரித்தவர்கள் நிறைய. நான் அவ்வளவு வேகமாகச் சிரிக்க மாட்டேன். எழுத்தில் ஒரு சொல்லும் வீணாக நிற்காது, ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருள் வேண்டும் என்பது யூத வாசிப்பின் பிடிவாதம். மத்தேயு கவிதை தெரியாமல் அப்படி எழுதவில்லை. ஒரு சொல்லையும் சிந்தாமல் எழுதப் பார்த்திருக்கிறார்.

22ஆம் சங்கீதத்தில் மாற்கு செய்தது இதைவிட நுட்பம். சிலுவைக் காட்சியில் முதலில் உடையைப் பங்கிடுகிறார்கள். சங்கீதத்தில் அது 18ஆம் வசனம். பிறகு வழிப்போக்கர் தலையை ஆட்டிப் பழிக்கிறார்கள். அது 7ஆம் வசனம். கடைசியில் கைவிடப்பட்டவனின் கூக்குரல். அதுதான் முதல் வசனம். பாட்டைப் பின்னிருந்து முன்னாக நடக்க விட்டிருக்கிறார். நம்பிக்கையில் முடியும் சங்கீதம் மாற்குவில் கைவிடலில் முடிகிறது. எங்கேயும், இது நிறைவேறியது என்று அவர் விரல் நீட்டிக் காட்டவில்லை. சங்கீதம் தெரிந்தவனுக்குக் கேட்கும், தெரியாதவனுக்குக் கதை மட்டும் கிடைக்கும்.

யோவான் 4ஆம் அதிகாரம் என் மனதுக்கு நெருக்கம், கிணற்றடிக் கதையானதால். யூத வேதத்தில் அந்நியன் ஒருவன் கிணற்றடிக்கு வந்தால் கலியாணம் என்று அர்த்தம். ஆபிரகாமின் வேலைக்காரன் அங்கே ரெபெக்காளைக் காண்கிறான், யாக்கோபு ராகேலை, மோசே சிப்போராளை. யாரோ தண்ணீர் மொண்டு கொடுப்பார்கள், பெண் வீட்டுக்கு ஓடிச் செய்தி சொல்வாள், விருந்து, மணம். யோவானில் இயேசு களைத்துப்போய் யாக்கோபின் கிணற்றருகே உட்காருகிறார். நடுப்பகல். ஒரு சமாரியப் பெண் வருகிறாள். முந்திய அத்தியாயத்தில்தான் யோவான் ஸ்நானகன் அவரை மணவாளன் என்று சொல்லியிருக்கிறான். அதைக் கேட்டுப் பழகிய காதுக்கு அடுத்தது என்னவென்று தெரியும். ஆனால் தண்ணீர் மொள்ளப்படுவதே இல்லை. அவளுக்கு ஐந்து கணவர் இருந்தது பேச்சில் வருகிறது. அவள் ஊருக்குள் ஓடுகிறாள், குடத்தை அங்கேயே விட்டுவிட்டு. சாப்பாடு வருகிறது, அவர் சாப்பிடவில்லை. பழைய சடங்கின் ஒவ்வொரு படியும் இருக்கிறது, ஒவ்வொன்றும் கோணலாகியிருக்கிறது. பழைய கதைகள் தெரியாமல் இதைப் படிப்பவருக்குப் பாதிதான் கிடைக்கும்.

இந்தப் பாதி வாசிப்பு தமிழர்களுக்கு ஒரு காலத்தில் கட்டாயமாகவே இருந்தது. டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடெரிக் அனுப்பி 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய மிஷனரி சீகன்பால்க், புதிய ஏற்பாட்டை 1714–15இல் தமிழில் அச்சிட்டார். பழைய ஏற்பாட்டில் ரூத் வரை பெயர்த்துவிட்டு 1719இல் இறந்துபோனார். பெஞ்சமின் சூல்ட்சே மிச்சத்தை முடித்து, 1728இல்தான் முழுதும் அச்சேறியது. இடைப்பட்ட பன்னிரண்டு பதின்மூன்று ஆண்டுகள் அச்சுப் புத்தகத்தை மட்டும் நம்பிய தமிழ் வாசகனிடம் வழிநூல் இருந்தது, முதல்நூல் முழுதாக இல்லை. நிறைவேறியது, நிறைவேறியது என்று மத்தேயு சொல்ல, எது நிறைவேறியது என்று திருப்பிப் பார்க்கப் பக்கம் கிடையாது.

ஆதிக் கிறிஸ்தவத்திலும் யூதரல்லாதவர் திரளாக உள்ளே வந்தபோது நிலைமை ஏறக்குறைய இதுவே. கிணற்றின் உறுதியில் கை வைத்ததும் அப்போதுதான். தொடக்கத்தின் சாயல் பவுலிடமே இருக்கிறது. கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தில் அவர் சாராளையும் ஆகாரையும் உருவகமாக்குகிறார். யூதர் தங்களைச் சாராளின் பிள்ளைகள் என்பார்கள். பவுலோ ஆகாரைச் சீனாய் மலையோடும் அன்றைய எருசலேமோடும் சேர்த்து, விசுவாசிகளைச் சாராளுக்குக் கொடுத்துவிடுகிறார். ஆனாலும் பவுல் யூதர். வீட்டுக்குள் நடக்கும் சண்டையில் வாய் நீள்வது உண்டு. வீட்டுக்கு வெளியே நின்று அதையே சொல்லும்போது கதை மாறுகிறது. பர்னபாவின் பெயரில் வழங்கும் 2ஆம் நூற்றாண்டுக் கடிதம், ஆபிரகாம் விருத்தசேதனம் செய்த ஆட்கள் 318 பேர் என்பதைக் கிரேக்க எழுத்துகளில் கணக்குப் போடுகிறது. பத்தும் எட்டும் சேர்ந்தால் இயேசுவின் பெயரின் முதல் இரண்டு எழுத்து. முன்னூறு என்பதற்குரிய எழுத்து சிலுவை வடிவம். இதைவிட மெய்யான போதனையை என்னிடமிருந்து யாரும் கற்றதில்லை என்று ஆசிரியருக்குப் பெருமை வேறு. ஆபிரகாமுக்குக் கிரேக்கம் தெரிந்திருந்ததா என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

160ஐ ஒட்டி யுஸ்தீன் என்ற கிறிஸ்தவர், திரிபோ என்ற யூதரோடு நடந்த உரையாடலாக ஒரு நூல் எழுதினார். திரிபோ கேட்பது நம் சமையலறை மேசைக் கேள்வியேதான்: அங்கே இருப்பது இளம்பெண், கன்னியன்று. யுஸ்தீன் விட்டுக்கொடுக்கவில்லை. இன்னோரிடத்தில், இவை உங்கள் வேதங்கள், இல்லை, உங்களுடையவை அல்ல, எங்களுடையவை என்று சொல்லிவிடுகிறார். உறுதி மாற்றி எழுதப்பட்டது அந்த வாக்கியத்தில். அதே நூற்றாண்டில் அக்விலா என்பவர் யூதர்களுக்காக வேதத்தைப் புதிதாகக் கிரேக்கத்தில் பெயர்த்து, ஏசாயாவில் இளம்பெண் என்ற சொல்லையே போட்டார். தாங்களே பெயர்த்த பழைய கிரேக்கம் யூதர் கையிலிருந்து மெல்ல நழுவியது. மறுபுறம் மார்சியோன் என்பவர் 144 வாக்கில் ரோமில், யூத வேதமே வேண்டாம், கிணற்றை மூடிவிடுவோம் என்றார். திருச்சபை அவரை வெளியேற்றியது. அந்தத் தீர்ப்புக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் கிணற்றை வைத்துக்கொண்டு பங்காளியைத் துரத்துவது என்ற நடுவழியின் விலையை யூதர்கள் பல நூற்றாண்டுகள் கொடுத்தார்கள். சார்தையின் மெலிட்டோ அதே நூற்றாண்டில் பஸ்காவைப் பற்றிச் செய்த பிரசங்கத்தில், ஆட்டுக்குட்டி கிறிஸ்துவின் நிழல் என்ற அருமையான வாசிப்பும் கடவுளைக் கொன்றவர்கள் இஸ்ரவேலர் என்ற பழியும் ஒரே மூச்சில் வருகின்றன.

டென்மார்க்கில் அந்த உறுதி ஒருநாள் மறுபடி வாசிக்கப்பட்டது. 1943 அக்டோபர் 3, ஞாயிறு. நாஜிகள் யூதர்களைப் பிடிக்கத் தொடங்கிய நாட்கள். கோபன்ஹேகன் பேராயர் ஹான்ஸ் ஃபூல்சாங்-டம்கோர் எழுதிய எதிர்ப்புக் கடிதம் நாடெங்கும் பிரசங்கபீடங்களில் படிக்கப்பட்டது. அதில் முதல் காரணமே மத்தேயுவின் காரணம்: திருச்சபையின் ஆண்டவர், தெரிந்தெடுக்கப்பட்ட மக்களான இஸ்ரவேலுக்குக் கடவுள் கொடுத்த வாக்குப்படி பெத்லகேமில் கன்னி மரியாளிடம் பிறந்தவர் என்பதை நாங்கள் மறக்க முடியாது. யுஸ்தீன் யூதரிடமிருந்து வேதத்தைப் பிடுங்கப் பயன்படுத்திய அதே வசனம். அந்த வாரங்களில் ஏழாயிரத்துக்கு மேற்பட்ட யூதர் படகுகளில் சுவீடனுக்குக் கடத்தப்பட்டுப் பிழைத்தார்கள். படகு ஓட்டியது கடிதமன்று, ஆட்கள். ஆனாலும் அந்தக் கடிதம் எழுதப்பட்டது.

பங்குச் சண்டை இன்னும் ஓயவில்லை. 2020இல் டேனிஷ் விவிலியச் சங்கம் எளிய டேனிஷில் வெளியிட்ட புதிய மொழிபெயர்ப்பில், புதிய ஏற்பாட்டின் பல இடங்களில் ‘இஸ்ரவேல்’ போய் ‘யூதர்கள்’ என்று வந்தது. வாசகர் இன்றைய நாட்டோடு குழப்பிக்கொள்வார் என்பது சங்கத்தின் விளக்கம். உலகின் பல மூலைகளிலிருந்து கண்டனம் வந்தது. ஒரு சொல்லை எடுத்தது கிணற்றுக்காரன் பெயரை உறுதியிலிருந்து எடுத்தது போலக் கேட்டிருக்கிறது, கேட்டவர்களுக்கு.

கிணற்றுக்கு மூன்றாவதாக ஒருவரும் வாளியோடு வந்திருக்கிறார், எங்கள் நல்லூரிலிருந்து. ஆறுமுக நாவலர் யாழ்ப்பாணத்தில் மிஷனரி பீற்றர் பேர்சிவலுக்கு விவிலியத் தமிழாக்கத்தில் துணையாய் இருந்தவர். அந்த மொழிபெயர்ப்பு 1850இல் வெளிவந்தது. அதற்குள் நாவலர் மிஷன் வேலையை விட்டிருந்தார். 1854இல் ‘சைவதூஷண பரிகாரம்’ எழுதினார். மிஷனரிமார் சைவக் கோயிலைப் பழித்தவையெல்லாம், விளக்கு, தூபம், அபிஷேகம், நைவேத்தியம், ஆசாரம், பூசகரின் உடை, எருசலேம் ஆலயத்திலும் உங்கள் கடவுளே கட்டளையிட்டவை அல்லவா என்று யாத்திராகமத்தையும் லேவியராகமத்தையும் எடுத்து அடுக்கினார். பல வருடம் சொல் சொல்லாய் உட்கார்ந்து பார்த்த புத்தகம்; அவருக்குப் பக்கம் தேட வேண்டியிருக்கவில்லை.

மிஷனரிமாரின் கையில் எபிரெயர் நிருபத்தின் பதில் தயாராக இருந்தது: அவை வரவிருந்த கிறிஸ்துவின் நிழல்கள், பொருள் வந்தபின் நிழலுக்கு வேலையில்லை. மெலிட்டோவும் ஒரிகனும் சொன்னதேதான். நாவலர் லேவியராகமத்தை நிழலாக வாசிக்க மறுத்தார். விளக்கு என்று எழுதியிருந்தால் அது விளக்கு, எண்ணெய் என்றால் எண்ணெய். உங்கள் கிரியைகளுக்கு உட்பொருள் உண்டென்றால் எங்கள் கிரியைகளுக்கும் உண்டு என்று அடுத்த அடியும் எடுத்து வைத்தார். எருசலேமில் அந்த விளக்கை ஏற்றிய ஆசாரியன் நல்லூருக்கு வந்து, இந்தச் சண்டையில் ஒரு பக்கம் சேரச் சொன்னால், யார் பக்கம் போய் நின்றிருப்பான் என்று நான் சில வேளை யோசிப்பதுண்டு.